காது குடையக் கேட்ட வலது இறகு

அந்தக் காலத்தில் மூங்கிலிடம் கேட்டுவிட்டுத்தான் மூங்கிலை வெட்டுவார்கள். மூங்கிலும் வாய் திறந்து பதில் சொல்லும். "எனக்கு இன்னும் வயசு பத்தாதுப்பா, அடுத்த தை மாசம் வா" என்று ஒன்று சொல்லும். "என்னைத் தொடாதே, உள்ளே வண்டு குடைஞ்சிருக்கு" என்று இன்னொன்று தானாகவே ஒப்புக்கொள்ளும். மான் பேசும், மைனா பேசும், காட்டுப்பன்றியும் பேசும். பேசுகிற பன்றியை வேட்டையாட மனம் வருமா என்று கேட்காதீர்கள். தினைக்கொல்லைக்குள் புகுந்துகொண்டு அது பேசியதெல்லாம் வசவு.

கூகைமலையில் கொற்றன் என்று ஒருவன் இருந்தான். மலையில் யாருக்கு வில் வேண்டுமென்றாலும் அவனிடம்தான் வர வேண்டும். வந்தவனை நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, கழுத்துக்குழியிலிருந்து விரல்நுனி வரைக்கும் நாரால் அளப்பான். அம்பின் நீளம் அதுதான். பிறகு தோளை அமுக்கிப் பார்ப்பான். அவன் எடுத்துக் கொடுக்கும் வில் எப்போதும் ஆளின் பலத்தைவிட ஒரு பிடி இளைத்ததாகவே இருக்கும். "இதைவிட முரட்டு வில் எனக்கு வளையும்" என்று எவனாவது மார்தட்டினால், "வளைக்கிறது பெரிசில்லை, வளைச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். கை நடுங்குனா அப்புறம் வில்லு உன்னை எய்யும்" என்பான். மூங்கில் அம்பை நகத்தின்மேல் வைத்து உருட்டி, அது ஓடுகிற ஓட்டத்திலேயே கோணலைக் கண்டுபிடிப்பான். நாணை இழுக்கும் விரல்களுக்கு மான்தோலில் உறை தைப்பான். இத்தனையும் செய்கிறவனால் ஓர் அம்பைக்கூட எய்ய முடியாது. சின்ன வயதில் தேனெடுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது.

அம்புக்கு இறகு கொடுத்தது காட்டுச் சேவல். அந்த நாளில் காட்டுக்கோழி இனம் முழுவதும் குடிசைகளுக்கு நடுவில்தான் மேய்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் தொடக்கூடாது என்பது மலையின் கட்டு. இறகு உதிரும் பருவத்தில் சேவல் தன் கூட்டத்தின் இறகுகளையெல்லாம் பொறுக்கி, இடச்சிறகின் இறகுகளை ஓர் இலையிலும் வலச்சிறகின் இறகுகளை இன்னோர் இலையிலும் தனித்தனியாக வைத்துக் கொடுக்கும். ஓர் அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். இரண்டு இடது, ஒன்று வலது என்று கலந்துவிட்டால் காற்றில் ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், மற்றது அந்தப் பக்கம் இழுக்கும், அம்பு தடம் மாறிவிடும். கூகைமலையில் இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், கொற்றனும் சேவலும். மற்றவர்களுக்கு இறகு என்றால் இறகு, அவ்வளவுதான்.

வருஷந்தோறும் தினை கதிர்விடும் முன்பு மலையில் குறிவைப்பு நடக்கும். ஓடைக்கு அந்தக் கரையில் கம்பு நட்டுச் சுரைக்குடுக்கையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைத் துளைப்பவன்தான் அந்த வருஷத்து முன்வில். பன்றிக் காவலுக்கும் வேட்டைக்கும் அவனே தலைவன். விருந்தில் முதல் கறி அவனுக்கு. மூன்று வருஷமாக அந்த முதல் கறியைத் தின்றவன் சடையன், கொற்றனுடைய மனைவியின் தம்பி.

கொற்றனுக்குக் கறிமேல் ஆசையில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை, எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "இந்த அம்பு கொற்றன் தேர்ந்து கொடுத்தது" என்று யாராவது ஒருவர் சொல்ல மாட்டார்களா என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. கேட்டுப் பெற வெட்கமாக இருந்தது. போன வருஷம் வெட்கத்தை விட்டுக் கேட்டும்விட்டான்.

சடையன் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "ஏன் மச்சான், அம்பு தானாவா பறந்துச்சு? என் கைதானே பறக்க விட்டுச்சு? நீங்க குடுக்கலைன்னா நானே ஒரு குச்சியைச் சீவிக்கிட்டுப் போறேன். அடிக்கிற கைக்கு எந்த அம்பா இருந்தா என்ன?"

பந்தியே சிரித்தது. கொற்றனும் சிரித்தான். அப்படிச் சிரிக்க வேண்டி வந்ததுதான் அவனை அறுத்தது. அந்த ஒரு வருஷம் முழுவதும் அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மறு குறிவைப்புக்கு நாலு நாள் இருக்கும்போது கொற்றன் சேவலைத் தேடிப் போனான். இடச்சிறகு இறகுகள் வேண்டுமட்டும் கையில் இருந்தன. வலது இலைக்கட்டு அந்த வருஷம் இன்னும் வரவில்லை.

"சேவலாரே, வலது சிறகுல ஒரே ஒரு இறகு வேணுமே" என்றான்.

சேவல் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "ஒத்தை இறகா? ஒத்தை இறகு எந்த அம்புக்கு ஆகும்?"

"அம்புக்கு இல்லய்யா. காது குடைய."

"காது குடையறதுக்கு இடது இறகு ஆகாதா?"

"வலது காதுக்கு வலதுதான் தோதா இருக்கு" என்றான் கொற்றன்.

சேவலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர்களின் காது சங்கதி தனக்கென்ன தெரியும் என்று நினைத்து, உதிரத் தயாராக இருந்த ஓர் இறகை அலகால் உருவிக் கொடுத்தது. நல்ல பளபளப்பான இறகு.

கொற்றன் ஐந்து அம்புகளைச் செய்தான். நாலு அம்பு எப்போதும் போல. ஐந்தாவதற்கு இரண்டு இட இறகும் அந்த வல இறகும் வைத்துக் கட்டினான். அதற்கு மட்டும் அரக்கைக் கூடக் கொஞ்சம் பூசி, சிவப்பு நாரால் சுற்றி, மாப்பிள்ளை மாதிரி சோடித்துவிட்டான். சடையனைக் கெடுக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. ஒரு தடவை குறி தப்ப வேண்டும், அவ்வளவுதான். ஓர் அம்பு தப்பினால்தான் இத்தனை நாள் தப்பாததற்குக் காரணம் யார் என்று இவர்களுக்கு உறைக்கும் என்று கணக்குப் போட்டான்.

குறிவைப்பு நாளில் சடையன் வந்து கையை நீட்டினான். கொற்றன் எடுத்துக் கொடுக்கவில்லை. கம்பளியை விரித்து இரண்டு வில்லையும் ஐந்து அம்பையும் வரிசையாக வைத்தான்.

"இந்தத் தடவை நீயே எடுத்துக்க மாப்ளே. அடிக்கிற கைக்கு எந்த அம்பா இருந்தா என்னன்னு நீதானே சொன்னே?"

சடையனுக்கு அந்தக் குத்தல் புரியாமல் இல்லை. ஆனாலும் பெரிய ஆள் போலக் குனிந்தான். இரண்டு வில்லையும் தூக்கிப் பார்த்து, முரட்டு வில்லை எடுத்துக்கொண்டான். அம்புகளை உருட்டிப் பார்க்கவில்லை, இறகைத் தடவிப் பார்க்கவில்லை. எது பளபளத்ததோ அதை எடுத்தான். கொற்றனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஓடையின் இந்தக் கரையில் மலையே கூடியிருந்தது. சேவலும் வேடிக்கை பார்க்க வந்து நெல்லிமரக் கிளையில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கரையில், குடுக்கைக்கு மூன்று எட்டு தள்ளி, மாதி நின்றுகொண்டிருந்தாள். மாதி, மலைக்கே பெரியவரான மூப்பரின் ஒரே மகள். அம்பு குடுக்கையில் பாய்ந்ததும் "தைச்சிருச்சு!" என்று கூவுவது அவள் வேலை. வேறு மலையில் என்றால் அப்படி நிற்பவர்கள் பாறைக்குப் பின்னால் நிற்பார்கள். கூகைமலையில் அந்த வழக்கம் இல்லை. கொற்றன் கட்டிய அம்பு இதுவரை ஒரு விரற்கடைகூடப் பக்கவாட்டில் விலகியதில்லை என்பதால் அவளுக்குப் பயமே தெரியாது.

சடையன் நாணை இழுத்தான். முரட்டு வில், காதுவரைக்கும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் இழுத்தான். முழங்கை லேசாக நடுங்கியது.

அப்போதுதான் கொற்றன் மாதியைப் பார்த்தான். அவள் அங்கே நிற்பாள் என்பது அவனுக்குத் தெரியாததா? இருபது குறிவைப்பு பார்த்தவன். ஆனால் நாலு நாளாக அவன் மனதில் சடையனும் குடுக்கையும் மட்டுமே இருந்தார்கள். "நிறுத்து" என்று ஒரு சொல் சொன்னால் போதும், நேரமும் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அம்பை வாங்கிப் பார்ப்பார்கள். அத்தனை பேர் முன்னால் என்ன பதில் சொல்வது? மேலே போய்விடும், குடுக்கைக்கு மேலே போய்ப் புதரில் விழுந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

அம்பு கிளம்பிப் பாதி தூரம் நேராகத்தான் போனது. அதற்குப் பிறகு ஒரு சிலுப்பு சிலுப்பிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பியது. மாதி கூவுவதற்காக வாயைத் திறந்தபடியே விழுந்தாள்.

மூப்பர் ஓடையில் இறங்கி ஓடினார். மகளைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து தரையில் கிடத்தினார். அம்பைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு அம்பு இது?" என்று கேட்டார். அவர் குரல் உயரவே இல்லை.

கூகைமலையில் தன் இனத்தின் உயிரை எடுத்தவனுக்கு ஒரே தண்டனைதான். பெண்டு பிள்ளைகளோடு மலையை விட்டு இறக்கிவிடுவார்கள். திரும்பி ஏறினால் கல்லால் அடிப்பார்கள்.

சடையன் கொற்றனைக் கைகாட்டினான். "மூப்பரே, அம்பை எடுத்தது நான். ஆனா கட்டினது மச்சான். இத்தனை வருசமா அவரே பாத்து எடுத்துக் குடுப்பாரு. இன்னிக்குன்னு பாத்து என்னை எடுக்கச் சொன்னாரு. ஏன்னு அவரையே கேளுங்க."

எல்லோரும் கொற்றனைப் பார்த்தார்கள். மூப்பர் அம்பை நீட்டினார். கொற்றன் வாங்கி இறகைத் தடவினான், தெரியாததைத் தேடுகிறவன் போல. கூட்டத்தில் அவன் மனைவி இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாள். இவன் உண்மையைச் சொன்னால் நாளைக் காலையில் அவளும் அந்தப் பிள்ளையும் மலையிறங்க வேண்டும். எய்தவன் என்பதால் அவளுடைய தம்பியும் இறங்க வேண்டும். இதையெல்லாம் அவன் நினைத்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நினைத்தது தன்னைத்தான்.

"மூப்பரே, இதுல ஒரு இறகு வலது சிறகு" என்றான். "கலந்து கட்டினா அம்பு திரும்பிரும். இறகைப் பிரிச்சுக் குடுக்கிறது சேவல். இடதுன்னு சொல்லி அதுதான் வலதைக் கலந்து குடுத்திருக்கு."

நெல்லிக்கிளையில் இருந்த சேவல் கீழே குதித்து ஓடி வந்தது.

"என்ன நியாயம் இது கொற்றா? நீதானே கேட்டே? வலது இறகு ஒண்ணு வேணும்னு நீதானே வந்தே? காது குடையன்னு சொன்னியே!"

கூட்டத்தில் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். பிணம் கிடக்கிற இடத்தில் சிரித்தார்கள். காது குடைய வலது இறகு கேட்டானாம் என்பது அவ்வளவு சப்பைப் பொய்யாக அவர்களுக்குப் பட்டது. உண்மை சில சமயம் அப்படித்தான், கேட்கவே கேவலமாக இருக்கும்.

"சாட்சி யாராவது உண்டா?" என்று மூப்பர் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை மூப்பரே. ஆனா நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

மூப்பர் கொற்றனை நெடுநேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. மகளைப் பறிகொடுத்தவனுக்குத் தெரியாதா? ஆனால் அவர் மூப்பரும்கூட. தினை கதிர்விடப் போகிறது. பன்றிகள் ஓடைவரை வந்துவிட்டன. மலையில் அம்பு கட்டத் தெரிந்தவன் ஒருவன், குறி தப்பாமல் எய்யத் தெரிந்தவன் ஒருவன். இரண்டு பேரையும் இறக்கிவிட்டால் மழை முடியும்போது மலையில் சோறு இருக்காது. சேவல் போனால் போகட்டும் என்று அந்த மனிதர் முடிவு செய்தார்.

"சேவல்தான்" என்றார். "இன்னியோட கட்டு முறிஞ்சுது. இனி அந்த இனத்தை யாரும் தொடலாம்." சொல்லிவிட்டு மகளின் முகத்தைத் துணியால் மூடினார்.

முதல் கல்லை எறிந்தது சடையன். பிறகு எல்லோரும் எறிந்தார்கள். பெட்டைகளும் குஞ்சுகளும் குடிசைகளுக்கு நடுவிலிருந்து சிதறி ஓடின. சேவல் மட்டும் ஓடவில்லை. பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு, "அவன்தான் கேட்டான்! காது குடையன்னு கேட்டான்! அவன்தான்!" என்று கத்தியது. ஒருவரும் காது கொடுக்கவில்லை. மூன்று நாள் குடிசைகளைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கத்தக் கத்தத் தொண்டை கிழிந்து, சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோய், கடைசியில் சத்தம் மட்டும்தான் மிச்சம். அந்தச் சத்தத்தோடு தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு முள்மூங்கில் புதருக்குள் போய்விட்டது.

கொற்றனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் தலையில் இடி விழவில்லை, கண் அவியவில்லை, நன்றாகவே வாழ்ந்தான். இறகு உதிர்த்துத் தர இனி ஆளில்லை என்பதால், கையில் மிச்சமிருந்த இறகுகளை வைத்து அவன் கட்டிய அம்பில்தான் முதல் காட்டுக்கோழி விழுந்தது. அதன் சிறகைப் பிய்த்து இடது வேறு, வலது வேறாக அவனே பிரித்துக்கொண்டான். இறகு பார்த்துக் கட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது மலைக்கே புரிந்திருந்தது. அந்த வருஷ விருந்தில் மூப்பர் எழுந்து, "அம்பு தேர்ந்து கொடுத்தவனுக்கு முதல் கறி" என்று சொல்லி, காட்டுக்கோழித் தொடையை அவன் இலையில் வைத்தார். வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொற்றன் அதைத் தின்றான்.

அன்று முதல்தான் காட்டுச் சேவல் மனிதக் காலடி கேட்டால் பதுங்காமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டே எழும்பிப் பறக்கிறது. சும்மா இருந்தால் பிழைத்துக்கொள்ளும், வாயால் கெடுகிறது பார் என்று சிரித்துக்கொண்டே நாமும் அந்தச் சத்தத்தைக் குறிபார்த்துத்தான் எய்கிறோம்.