பொதுக்குழியும் முள்ளம்பன்றியும்

ஒரு காட்டில் ஒரு தாய் முள்ளம்பன்றி இருந்தது. கிழங்கு தோண்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. கோடையிலேயே தோண்டிச் சேர்த்தால்தான் மழைக்காலத்துக்குச் சாப்பாடு. மழை விழுந்துவிட்டால் மண்ணிலிருக்கும் கிழங்கு முளைவிட்டுக் கசந்துபோகும். வளையில் இரண்டு குட்டிகள் இருந்ததால் அது ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

ராஜா சிங்கம் நல்ல மனசோடுதான் ஒரு சட்டம் போட்டது. நாலு கிழங்கு தோண்டினால் ஒன்றைப் பொதுக்குழியில் போடவேண்டும். முடியாதவர்கள் அதில் சாப்பிடலாம். கால் ஒடிந்த முயல் அப்படித்தான் பிழைத்தது. முள்ளம்பன்றியும் மனம் கோணாமல் கொடுத்தது.

குழிக்குக் காவல் நரி. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளி நீட்டியது. தினமும் ஆளுக்கு மூன்று கிழங்கு! "ஆனால் தானே ஒரு கிழங்கு தோண்டினாலும் அவனுக்கு இங்கே பங்கு கிடையாது" என்றது.

முயலுக்குக் கால் கூடியது. ஆசையாக இரண்டு கிழங்கு தோண்டியது. அன்றே அதன் பங்கு நின்றது. மறுநாள் அது மறுபடியும் படுத்துவிட்டது.

"என்ன தம்பி, கால்தான் சரியாகிவிட்டதே?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"தோண்டினால் இரண்டு, படுத்திருந்தால் மூன்று. நீங்களே சொல்லுங்கள் அக்கா."

முள்ளம்பன்றி தோண்டக் கிளம்பியது.

முயலைப் பார்த்துக் கரடி படுத்தது, காட்டுப்பன்றி படுத்தது. குழி வற்றியது. நரி நேரே முள்ளம்பன்றியிடம் வந்தது.

"இனி நாலில் மூன்றைக் கொடு."

"என் குட்டிகளுக்கு?"

"நன்றாகத் தோண்டுகிறவள் நீதானே? இன்னும் கொஞ்சம் தோண்டு!"

நகத்தில் ரத்தம் கசியக் கசிய முள்ளம்பன்றி ஒரு வாரம் தோண்டியது. மிஞ்சிய ஒற்றைக் கிழங்கைக் குட்டிகள் ஆளுக்குப் பாதி கடிக்க, பக்கத்தில் முயல் மூன்றாவது கிழங்கை மென்றுகொண்டிருந்தது. முள்ளம்பன்றிக்கு வயிறெரிந்தது. மறுநாள் அதுவும் குட்டிகளோடு போய் வரிசையில் நின்றது.

குழியில் வெறும் மண்தான் இருந்தது. வரிசையில் இடம் போய்விடுமே என்று யாரும் நகரவில்லை. அப்படியே பல நாள் நின்றார்கள். அத்தனை நாளும் மழை கொட்டியது.

"சோம்பேறிக் கழுதைகளா!" என்று சிங்கம் எல்லோரையும் பார்த்துக் கர்ஜித்தது.

பசி தாங்காத சின்னக் குட்டி காலடி மண்ணைப் பறண்டியது. ஒரு கிழங்கு வந்தது. கடித்ததும் துப்பியது.

"கசக்கிறதே அம்மா!"

"தின்னு கண்ணே. இந்த மழைக்காலம் முழுக்க இதுதான்."

நீதி: உழைப்பவனைச் சுரண்டி, உழைக்க எழுந்தவனையும் தண்டித்தால், கொடுத்த கையும் ஒருநாள் ஏந்தி நிற்கும்.