கத்திரிக்காய்க்கு அவசரப்பட்ட ராஜா

முன்னொரு காலத்தில், மேகம் வாசற்படி வரைக்கும் இறங்கி வருகிற முகில்மலை நாட்டை சிகரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் மனசில் தோன்றியது மத்தியானத்துக்குள் நடந்துவிட வேண்டும் அவருக்கு. உலை கொதிக்கும் முன்னே இலை போடச் சொல்லுகிற ரகம்.

அவருடைய அக்கா செங்கமலம் சமவெளி நாட்டில் வாழ்க்கைப்பட்டவர். வைகாசித் தேருக்குப் பிறந்த வீடு வந்தவர், விருந்து முடிந்து கிளம்பும்போது, "எல்லாம் நல்லாத்தான் இருந்தது தம்பி. ஒரு எண்ணெய்க் கத்திரிக்காய்தான் இல்லை. உங்க ஊர்ப் பனியில அது எங்கே விளையப் போகுது?" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறிவிட்டார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. அக்கா சொன்னதும் பொய்யில்லை. அந்த மலையில் மாசி முடியும்வரை உறைபனி. அது விலகியபின் விதைத்தால் காய் ஆடியில்தான் வரும். தேரோ வைகாசியில்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் சபையில் இந்தப் பேச்சு வந்தது. அரண்மனை மேலாளர் நாகலிங்கம் எழுந்தார். அமைச்சர் திருமேனியின் விரலில் இருக்கும் முத்திரை மோதிரத்தின் மேல் வெகுநாளாகக் கண் வைத்திருப்பவர்.

"வீட்டுக்குள்ளேயே விதைத்து நாற்று வளர்க்கலாம் மகாராஜா. இன்றைக்கே ஆரம்பித்தால் பனி விலகும்போது செடி ஆள் உயரம் நிற்கும்."

"உள்ளே விதைப்பது சரிதான்," என்றார் திருமேனி. "ஆனால் பொங்கல் கழியட்டும்."

"பார்த்தீர்களா, அமைச்சருக்கு எல்லாம் மெதுவாகத்தான்."

ராஜாவுக்கு 'இன்றைக்கே' என்ற சொல் தேனாக இனித்தது. "நாகலிங்கம் இன்றே விதைக்கட்டும். நீர் உம் இஷ்டப்படி செய்யும் அமைச்சரே. ஆனால் அக்கா இலையில் யார் காய் விழுகிறதோ, மோதிரம் அவருக்கு."

நாகலிங்கத்தின் விதைகள் கொலுமண்டபத்தில் முளைத்தன. மார்கழியில் ஜன்னல் வெளிச்சத்தைத் தேடித் தேடிக் கழுத்தை நீட்டின. வெளுத்த தண்டு, நான்கே இலை. ஒவ்வொன்றுக்கும் குச்சி நட்டு நூல் கட்டினார். உயரத்தைப் பார்த்து ராஜா பூரித்துப் போனார். அமைச்சர் வீட்டுத் தேங்காய்ச் சிரட்டைகளிலோ வெறும் மண். சபையே சிரித்தது. திருமேனிக்கும் உள்ளூரக் கொஞ்சம் உதறல்தான். மோதிரம் போனால் மானமும் போகும்.

பொங்கல் வந்தது. சாயங்காலம் ராஜா யானைமேல் ஊர்வலம் போவது வழக்கம். ஆனால் திருமேனி விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார்.

"இப்போதே அலங்காரம் செய்துகொள்ளுங்கள் மகாராஜா. முன்கூட்டித் தயாராவது நல்லதில்லையா?"

"இப்போதுதான் உமக்குப் புத்தி வந்தது," என்றார் ராஜா.

கிரீடம், கவசம், சரிகைப் பட்டு, இறுக்கிக் கட்டிய இடைக்கச்சை எல்லாம் ஏறின. சாய்ந்தால் பட்டு கசங்கும். சாப்பிட்டால் கச்சை தாங்காது. மத்தியானம் மாலை வாடியது. அதற்குப் பிறகு ராஜாவும் வாடினார். யானை வந்து நின்றபோது இரண்டு பக்கமும் இரண்டு சேவகர் தாங்கினால்தான் அவரால் நிற்கவே முடிந்தது.

"யாரய்யா என்னைக் காலையிலேயே உடுத்தச் சொன்னது?" என்று சீறினார்.

"அடியேன்தான். வெளியே போக நேரம் வராமல், உள்ளேயே அலங்காரத்தோடு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தீர்கள். மண்டபத்தில் கார்த்திகையிலிருந்து சில பேர் அப்படித்தான் நிற்கிறார்கள்."

ராஜா மண்டபத்தை எட்டிப் பார்த்தார். குச்சியில் சாய்ந்த நாற்றுகள். தம்மைப் பார்த்தார், இரண்டு சேவகர். கச்சை இறுக்கத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

நாகலிங்கம் பதறினார். "நாளைக்கே தோட்டத்தில் நட்டுவிடுகிறேன் மகாராஜா." நட்டார். மறுநாள் விடியலில் எல்லாம் உறைபனியில் கருகிக் கிடந்தன.

"சரி, எப்போதுதான் விதைப்பது?" என்றார் ராஜா.

"பனி எப்போது விலகும் என்று முதலில் பார்க்க வேண்டும் மகாராஜா. மாசி கடைசியில். நாற்று தேற இரண்டு மாதம் ஆகும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் இதோ, இப்போதுதான்."

அன்றே அமைச்சர் வீட்டுச் சிரட்டைகளில் விதை விழுந்தது. அடுப்படிச் சூட்டில் முளைத்ததும் வெயில் விழும் முற்றத்துப் பக்கம் நகர்த்தினார்கள். ராஜா நாகலிங்கத்துக்கும் வேலை கொடுத்தார். மாசி முழுக்க, வெயில் ஏறியதும் சிரட்டைகளை வெளியே வைத்து, சாயங்காலம் உள்ளே எடுக்க வேண்டும். நாற்று குளிருக்குப் பழக வேண்டுமே. முதலில் முணுமுணுத்துக்கொண்டே தூக்கினார். போகப் போக, குட்டையாய்க் கெட்டித் தண்டோடு நின்ற நாற்றுகளை யாராவது தொட்டாலே அவருக்குக் கோபம் வந்தது.

பனி விலகியதும் நாற்றுகளைத் தோட்டத்தில் நட்டார்கள். வைகாசித் தேரன்று செங்கமலத்தின் இலையில் எண்ணெய்க் கத்திரிக்காய் விழுந்தது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். ராஜாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மோதிரம் திருமேனியின் விரலிலேயே நிலைத்தது. கூடவே ஒரு தோட்டமும் கிடைத்தது.

கை கழுவிக்கொண்டே அக்கா சொன்னார்: "காய் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா புடலங்காய்க் கூட்டு இல்லையே."

ராஜா ஆசனத்தைவிட்டு எழுந்தே விட்டார். "கொண்டுவா விதையை, இன்றைக்கே..."

அமைச்சர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நாகலிங்கத்தின் குரல் கேட்டது.

"பொங்கல் கழியட்டும் மகாராஜா."