ரிசீவரா, தனிப் பெட்டியா?

"ரிசீவருங்களா, தனிப் பெட்டிங்களா? ஒரே வார்த்தையில சொல்லிருங்க டீச்சர்."

தெய்வசிகாமணி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

பிலோமினா டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உள்ள வாங்ணா. பனி உள்ள வருது."

ஏற்காட்டில் உச்சிப்பொழுதுக்கும் பனி விலகாத நாள் அது. வாசலில் நிறுத்திய கார் அதற்குள் காணாமல் போயிருந்தது.

தெய்வசிகாமணி ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். அறுபதைத் தாண்டியாயிற்று. டீச்சர் அவரைவிட எப்படியும் பதினைந்து வயது இளையவர். ஒரு காலத்தில் கான்வென்ட்டில் இயற்பியல் எடுத்தார். இப்போது பாடமும் எடுப்பதில்லை, எதையும் விற்பதும் இல்லை. ஆனாலும் பாட்டுப் பெட்டிப் பைத்தியம் முற்றியவர்கள் சேலம், கோவை, திருச்சி என்று எங்கிருந்தோ மலையேறி அவரிடம்தான் வருவார்கள். கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொன்னதாக யாரும் சொன்னதில்லை. ஒருமுறை வந்தவர்கள் மறுபடி கேட்க வந்ததும் இல்லை.

இந்தப் பைத்தியம் பிடிக்காத புண்ணியவான்களுக்காக ஒரு வார்த்தை. ரிசீவர் என்பது ஒரே பெட்டி. சிடியிலிருந்து பாட்டை வாங்குவது, பக்குவம் பண்ணுவது, பலம் கூட்டி ஸ்பீக்கருக்கு அனுப்புவது எல்லாம் அதற்குள்ளேயே நடந்துவிடும். தனிப் பெட்டிக்காரர்கள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி வைத்து நடுவில் வயர் இழுப்பார்கள். இரண்டில் எது உசத்தி என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது. தங்கமான மனிதர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார்கள்.

டீச்சர் டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"யாருக்கு வேணும்?"

"எனக்குத்தானுங்க."

"உங்களுக்குன்னா கடையிலயே முடிஞ்சிருக்கும். மலை ஏறியிருக்க மாட்டீங்க."

தெய்வசிகாமணி பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதைத் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ரத்னவேலு கொடுத்ததுங்க. செத்துப்போயிட்டான்."

ரத்னவேலு மருந்துக்கடைக்காரர். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டவர்கள். கல்யாணம், காட்சி, சாவு எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஒருவர் வீட்டு முன்னறையில் இன்னொருவர் இருப்பார். பாட்டுக் கேட்கத்தான். பேச்சு அதிகம் இருக்காது.

அந்த நட்பைத்தான் இந்தப் பெட்டி கெடுத்தது.

ரத்னவேலு தனிப் பெட்டிக்கு மாறினார். எல்லாவற்றையும் ஒன்றில் அடைத்தால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றைக் கெடுக்கும் என்றார். இத்தனை வயர் இழுத்தால் பாட்டு வழியிலேயே செத்துவிடும் என்றார் தெய்வசிகாமணி. கேலி வாதமாயிற்று, வாதம் சண்டையாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரத்னவேலுவின் மனைவி கஸ்தூரி காப்பியோடு வந்து நிற்கும்போது, "உனக்குக் காதே இல்லடா, போய் மாத்திரை வித்துப் பொழைச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தெய்வசிகாமணி எழுந்து வந்துவிட்டார்.

அதன்பின் மூன்று வருடம் பேச்சில்லை.

"படுத்த படுக்கையா இருக்கான்னு கேள்விப்பட்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனனுங்க. உள்ள போனா மறுபடி ஆரம்பிச்சுருவானோன்னு திரும்பிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்க டீயை உறிஞ்சினார். நாக்கு சுட்டுக்கொண்டது.

"காரியத்துக்குப் போனப்ப கஸ்தூரி இந்தச் சிடியைக் கையில கொடுத்துச்சு. 'அவரு குடுக்கச் சொன்னாருங்ண்ணா. கேட்டுட்டு முடிவு சொல்லச் சொன்னாரு'ன்னுது."

"என்ன முடிவு?"

"எங்களுக்குள்ள வேற என்னங்க இருக்கு? இந்தப் பெட்டி விவகாரந்தான்."

டீச்சர் சிடியைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"உள்ள என்ன பாட்டு?"

"பாட்டே இல்லீங்க."

"பின்ன?"

"அவன் வீட்டு முன்னறைங்க. ஆளில்லாத ரூம்பு. ஃபேன் சுத்துறது கேக்கும். ரோட்டுல பஸ்ஸு போகும். அவ்வளவுதான். மிசினைச் சோதிக்க இதைவிடக் கஷ்டமான பரீச்சை இல்லீங்க. வம்புக்காரன், வேணும்னே பண்ணியிருக்கான்."

"போட்டுப் பாத்தீங்களா?"

"எங்க ஊட்டு ரிசீவர்ல போட்டேன். வெறும் ரூம்புதான். அப்புறம் சென்னையில ஒரு பெரிய கடையில, தனிப் பெட்டியில போட்டேன்."

அவர் குரல் இறங்கியது.

"மூச்சு விடுற சத்தம் கேட்டுதுங்க."

டீச்சர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் மூச்சுங்க. இழுக்கறப்ப மூக்குல சன்னமா ஒரு விசில் வரும். சின்ன வயசுல இருந்து கேட்டவனுங்க, எனக்குத் தெரியாதா? கடைக்காரருக்குக் கேக்கல. எனக்கு மட்டும் கேட்டுது. பயந்து எந்திரிச்சு வந்துட்டேன்."

வெளியே பனி ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது.

"கஸ்தூரி பாக்கற பக்கமெல்லாம் கேக்குது, 'என்னங்ண்ணா முடிவு?'ன்னு. அந்த ரூம்பை இன்னும் பூட்டியே வெச்சிருக்குது, நான் சொன்னாத்தான் திறக்குமாம். அதுக்குப் பயந்துட்டு நான் சந்து வழியா மண்டிக்குப் போறேன். நீங்களே சொல்லிருங்க டீச்சர். தனிப் பெட்டியில கேட்டது ரிசீவர்ல கேக்கல. அப்ப அவன் சொன்னதுதான் சரிங்களா?"

"அவர் சொன்னது சரின்னா?"

"அவன் ஜெயிச்சான். போய் ஒத்துக்க ஆளில்லை."

"நீங்க சொன்னது சரின்னா?"

"நான் ஜெயிச்சேன்."

சொல்லிவிட்டுத் தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார்.

"அது இன்னும் மோசங்க."

டீச்சர் எழுந்து அடுத்த அறைக்குப் போனார். இவரும் பின்னால் போனார்.

நீளமான, இருட்டான அறை. இரண்டு ஸ்பீக்கர். அவற்றுக்கு நடுவே பெஞ்சில் என்னென்னவோ பெட்டிகள், எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வை மூடியிருந்தது. இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி.

"ரெண்டும் இருக்கு. உக்காருங்க. நான் மாத்தி மாத்தி விடறேன். எது எதுன்னு நீங்க சொல்லுங்க."

இந்த வேலையில் தெய்வசிகாமணி பழம் தின்று கொட்டை போட்டவர். நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

டக் என்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றியது. எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"ரிசீவர்" என்றார்.

டக்.

"தனிப் பெட்டி." உடனே சொன்னார். "வருதுங்க. மூச்சு வருது."

டக்.

"ரிசீவர். போயிடுச்சு."

டக்.

"தனிப் பெட்டி. ஐயோ, பக்கத்துல வருதுங்க டீச்சர்."

கண்ணைத் திறந்தார். டீச்சர் போர்வையை விலக்கியிருந்தார். பெஞ்சில் ரிசீவர் மட்டும்தான் விளக்கெரிய ஓடிக்கொண்டிருந்தது. தனிப் பெட்டிகளின் வயர்கள் சுருட்டிக் கட்டியபடி கிடந்தன. டீச்சர் கையில் இருந்த சுவிட்சிலிருந்து எங்கேயும் வயர் போகவில்லை.

தெய்வசிகாமணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன் காதைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர் அல்லவா? பிறகு அந்தக் கோபம் போய் உடம்பு சில்லிட்டது.

"அப்ப ரிசீவர்லயும் மூச்சு வந்துதுங்களா?"

"முதல்ல இருந்தே வருது. எனக்கும் கேட்டுது."

"எங்க ஊட்டுல வரலையே?"

"வீட்டுல எதைக் கேட்டீங்க?"

அவர் யோசித்தார்.

"ரிசீவரைத்தானுங்க கேட்டேன்."

டீச்சர் சிடியை மறுபடி முதலிலிருந்து போட்டார். தெய்வசிகாமணி பழக்கதோஷத்தில் ரிமோட்டை எடுத்துக் கட்டைவிரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டார். ஃபேன், பஸ், ஹாரன். ஒரு நிமிடம் ஆனதும் விரல் தானாக அழுத்தியது. சத்தம் நின்றது.

"ஏன் நிறுத்தினீங்க?"

"அவ்வளவு போதுங்களே. ஒரு நிமிசத்துல மிசினோட லட்சணம் தெரிஞ்சுரும். எல்லாரும் அப்படித்தான் சோதிப்பாங்க."

"அதுக்கு அப்புறம் இதுல என்ன இருக்கு?"

தெய்வசிகாமணி கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

வீடு, சென்னைக் கடை, இப்போது இந்த அறை. அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டி அவர் அந்தச் சிடியை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

டீச்சர் கை நீட்டினார். அவர் ரிமோட்டைக் கொடுத்தார். கொடுக்க மனமே இல்லை.

ஃபேன் சுற்றியது. பஸ் போனது. ஒரு நிமிடம் கடந்தது. விரல் வெறும் தொடையை அழுத்தியது.

மூச்சு இப்போது தெளிவாகவே கேட்டது. இழுக்கும்போது சன்னமான விசில். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"என்ன சிகா, இன்னும் நிறுத்தலையா?"

தெய்வசிகாமணி நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார்.

"நீ ஒரு நிமிசத்துல நிறுத்திருவேன்னு கஸ்தூரிகிட்டச் சொன்னேன். இதைக்கூட முழுசாக் கேக்க மாட்டே நீ, அதான் முடிவைக் கேக்கச் சொன்னேன்." ரத்னவேலுவின் குரல் மெலிந்திருந்தது, நடுநடுவே மூச்சிரைத்தது. "சண்டைக்கெல்லாம் கூப்புடலடா. பேசறதுக்குத்தான் மிசினைப் போட்டேன். போட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது. சும்மா உக்காந்திருக்கேன். நீயும் உக்காரு."

அப்புறம் பேச்சில்லை. ஃபேன். மூச்சு. தெருவில் யாரோ காய்கறி கூவிக்கொண்டு போனார்கள். அந்தக் குரலைத் தெய்வசிகாமணிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அந்தப் பக்கம் வரும்.

டீச்சர் ஓசைப்படாமல் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

வெகுநேரம் தெய்வசிகாமணி அசையவில்லை. பனி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து தரையில் தவழ்ந்தது. அறை குளிர்ந்தது. பக்கத்து நாற்காலியை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"ரத்னா" என்றார் கடைசியில்.

"ம்" என்றது ஸ்பீக்கர்.

டீச்சர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

ரத்னவேலுவின் வழக்கம் அது. எதிராளி பேசுகிறானோ இல்லையோ, அவர் பாட்டுக்கு இடையிடையே "ம்" போடுவார். தெய்வசிகாமணிக்கு அது தெரியும். தெரிந்தும் முதுகில் மயிர்க்கூச்செறிந்தது.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தனடா."

"ம்."

"மேல ஏறி வரல."

இதற்குப் பதில் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

"காது இல்லைன்னு சொன்னேன் பாரு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கஸ்தூரி முன்னால சொல்லியிருக்கக் கூடாது."

"ம்."

தெய்வசிகாமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார். பேரன் நடக்கத் தொடங்கியது, மண்டியில் கூரை ஒழுகியது, மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா சும்மா ஆணி அடித்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "ம்" வந்தது. அந்தந்த இடத்தில் வந்தது.

டீச்சர் மெல்ல பெஞ்சருகே வந்தார். குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா."

தெய்வசிகாமணி திரும்பவில்லை.

"அண்ணா, சிடி எப்பவோ முடிஞ்சு நின்னுபோச்சு."

சொல்லிவிட்டு அவர் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கக் கை நீட்டினார்.

தெய்வசிகாமணி சட்டென்று அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தார்.

"கொஞ்சம் சும்மா இருங்க டீச்சர். அவன் இன்னும் எந்திரிக்கல."