மசூது பாயின் முதல் பரோட்டா

கடையநல்லூர் மசூது பாயின் கடையில் ஒரு வழக்கம். நெடுநாள் மூடிக் கிடந்த கடையைத் திறந்தால், முதலில் வெந்த பரோட்டாவை விற்கக் கூடாது. பிய்த்துப் பங்கு வைக்கவும் கூடாது. யாருக்கு நன்றி சொல்ல வேண்டுமோ, அந்த ஒருவர் கையில் முழுசாகக் கொடுக்க வேண்டும். இந்த வழக்கத்தை ஏற்படுத்திய அவருடைய வாப்பா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். மாட்டிக்கொண்டவர் மசூது.

அவருடைய வலது தோள் இறுகிவிட்டது. சட்டை மாட்டவே மனைவி ஜொகரா கைகொடுக்க வேண்டும் என்றால், மாவு வீசுவது எங்கே? கடைக்குப் பூட்டு விழுந்தது. தோள் திரும்பாவிட்டால் கடையையே விற்றுவிடுவது என்று முடிவாயிற்று.

பிசியோதெரபிஸ்ட் கோமதியிடம் போய், மெஷினில் கரண்டு வைக்கச் சொன்னார். அவளோ கம்ப்யூட்டரில் தேடி ஓர் ஆய்வை எடுத்து வைத்திருந்தாள். எங்கோ ஒரு நாட்டில், தோள் இறுகியவர்கள் எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுத்தார்களாம். பாதிப் பேருக்கு மெஷின் ஓடியது, மீதிப் பேருக்கு ஓடாத மெஷின். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்கள். கடைசியில் இரு தரப்பும் ஒன்றுபோலவே தேறின. ஆகவே பயிற்சி போதும், மெஷின் வேண்டாம் என்றாள்.

“ஓடாத மெஷினுக்கா தோளக் குடுத்துட்டுக் கெடந்தாங்க? பாவம்மா” என்றார் பாய்.

அவசரத்தில் கோமதி முகப்புச் சுருக்கத்தை மட்டுமே படித்திருந்தாள். கூட வேலை பார்த்த ஜெபசிங் ஆய்வை முழுக்கப் படித்தார். சர்க்கரை நோயாளிகளை அதில் சேர்க்கவே இல்லை, பாய்க்கோ சர்க்கரை. அதனால் பயிற்சியின் வேகத்தைக் குறைத்து, கை உயர்வதை அளந்து பார்த்து மெல்லக் கூட்டினார். மாவுக்குப் பதிலாக ஈரத்துண்டை வீசச் சொன்னார். பாய் டிமிக்கி கொடுத்தபோதெல்லாம் ஜொகரா துண்டை நனைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

அந்தச் சமயத்தில் சர்க்கரைக்காரர்களின் தோளுக்கென்றே அதேபோல் ஓர் ஆய்வு நடத்த, கோமதி வேலை பார்த்த இடத்தில் ஆள் கேட்டார்கள். எந்தப் பாதியில் விழுவோமோ என்று ஆளாளுக்கு நழுவினார்கள். பாய் கடைக்கு எதிரே பூக் கட்டும் உலகம்மாள் மட்டும், “எதுல விழுந்தா என்ன, எழுதிக்கோங்க” என்றாள்.

ஒருவழியாகப் பாயின் கை தலைக்கு மேலே போயிற்று. கடை திறந்தது. முதல் பரோட்டாவை எடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோமதியிடம் நீட்டினார். “நான் அரைகுறையாப் படிச்சவ பாய். உங்க தோளக் காப்பாத்துனது சார்தான்” என்றாள். அவள் தேடி எடுக்காவிட்டால் நானும் மெஷினைத்தானே வைத்திருப்பேன் என்று ஜெபசிங் விலகினார். துண்டை நனைத்ததற்குப் பரோட்டாவா என்று ஜொகரா சிரித்தாள். பரோட்டா ஆறிக்கொண்டிருந்தது.

வாப்பாவின் வழக்கம் தவறாமல், அது யார் கைக்குப் போக வேண்டும்? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: பாய் தெருவைக் கடந்து உலகம்மாளிடம் போனார். கோமதி தேடியதும் ஜெபசிங் திருத்தியதும் ஜொகரா விடாமல் செய்யவைத்ததும், ஊர் பேர் தெரியாத சிலர் தங்களுக்கு எது வாய்க்கும் என்று தெரியாமலே தோளைக் கொடுத்ததால் வந்தவை. அவர்களுக்குப் பரோட்டா அனுப்ப வழியில்லை. அவர்களைப் போலவே தோளைக் கொடுக்க முன்வந்த ஒருத்தி எதிரிலேயே இருந்தாள்.

“சர்க்கரைக்காரிக்குப் பரோட்டாவா பாய்?”

“இன்னிக்கு ஒருநாள் தின்னு தாயி. உன்னால தேறப் போறவன் வந்து நன்றி சொல்ல மாட்டான். அவனுக்கும் சேத்து நான் சொல்லிக்கிறேன்.”