எண்பதாவது படி

தேயிலைத் தோட்டத்துத் துரைக்கு ஒரே பெருமை: மூன்று வருஷமாக நோயாளிப் பதிவேட்டில் ஒரு பேர் கிடையாது. தோட்டத்து ஆஸ்பத்திரி இருநூறு படிக்கு மேலே இருந்தது. ஏறி வந்தவரிடம் துரை, "இவ்வளவு ஏறினவனுக்கு என்ன நோய்? போய் வேலையைப் பார்" என்பார். ஏற முடியாதவர் பேரைப் பதியவே மாட்டார்.

சோதனைக்கு வந்த அதிகாரியிடம், கொழுந்து பறிக்கும் மூக்காயி துணிந்து சொன்னாள்: "எங்க லயத்து வீடுகள்ல பதினாறு பேர் காய்ச்சல்ல கிடக்காங்கய்யா."

துரை சீறினார். "பொய்! நிரூபிக்கலைன்னா இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணு."

"சரிங்க துரை. பதிவேட்டுல ஏன் பேரில்லைன்னு காட்டுறேன். படியேறி வாங்க."

அதிகாரி முன்னால் ஏறினார். ஜீப்பிலேயே போய்ப் பழகிய துரையும் வேறு வழியின்றி ஏறினார். எண்பதாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரை இங்க கூப்பிடு!"

"மேலே வந்தாத்தானே துரை நோயாளி? நடுப்படியில உட்கார்ந்தா, உங்க கணக்குப்படி நீங்க சுகம்" என்றாள் கூடவே ஏறிவந்த மூக்காயி.

டாக்டருக்கு ஆளனுப்பிவிட்டு, அதிகாரி அந்தப் படியிலேயே நோட்டைப் பிரித்தார்.

"முதல் பேர் துரை. மீதிப் பதினாறையும் சொல்லும்மா."