மைனாவின் கூட்டில் வெள்ளைக் கற்கள்

காட்டோரத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் வேதியியல் ஆய்வகத்தை ஒட்டி நின்ற வேப்பமரத்தின் பொந்தில் ஒரு மைனாவும், மேல்கிளையில் ஓர் அணிலும் குடியிருந்தன. இரண்டும் தினமும் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து பாடம் கேட்டன.

மைனாவுக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம். "கால்சியம் ஆக்சைடு நீருடன் சேர்ந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். வெப்பம் வெளிப்படும்" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும்.

"கால்சியம் ஆக்சைடு என்றால் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டது அணில்.

"மக்கு! அதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்றது மைனா.

மழைக்காலம் நெருங்கியது. மைனாவின் பொந்தில் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் இருந்தன. போன மழையில் பொந்துக்குள் தண்ணீர் ஒழுகியது மைனாவுக்கு நினைவு வந்தது. பக்கத்துச் சுண்ணாம்புச் சூளையில் சுட்டுக் கொட்டியிருந்த வெள்ளைக் கற்களைப் பொறுக்கி வந்து அடியில் பரப்பியது. அதன்மேல் வைக்கோலைப் போட்டுக் குஞ்சுகளை உட்கார வைத்தது.

"இனி தண்ணீர் கல்லுக்கு அடியிலேயே ஓடிவிடும். எப்படி என் மூளை?" என்று பெருமையடித்தது.

கீழே ஒரு துண்டுக் கல் விழுந்திருந்தது. அணிலுக்குத்தான் எதையும் சும்மா விட முடியாதே! அதை உருட்டிப் போய், தண்ணீர் இருந்த கொட்டாங்குச்சியில் போட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கல் வெடித்து உதிர்ந்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஆவி வந்தது.

"அக்கா, உன் கல் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது!"

மைனா எட்டிப் பார்த்தது. அதன் வாய் தானாகவே, "கால்சியம் ஆக்சைடு நீருடன் சேர்ந்தால்... வெப்பம்..." என்று தொடங்கிப் பாதியில் நின்றது.

"ஐயோ, என் பிள்ளைகளை அடுப்பின்மேல் உட்கார வைத்துவிட்டேனே" என்று அலறியது.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டும் பதறிப் பதறிக் கற்களை வெளியே தள்ளின. கடைசிக் கல்லை மைனா கவ்வியபோது தூறல் விழுந்துவிட்டது. நனைந்த கல் சுட்டு அதன் நாக்கு கொப்புளித்துவிட்டது. குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நாக்கு ஆறும்வரை மைனாவால் எதையும் ஒப்பிக்க முடியவில்லை. ஆறியதும் அது ஜன்னலுக்குப் போனது. ஆசிரியர் "சோடியம்" என்று தொடங்கினார். மைனா மெல்ல அணில் பக்கம் திரும்பியது.

"அது பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டது.

பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு, அந்தப் பொருள் தம் வீட்டுக்குள்ளேயே வந்து கிடந்தாலும் அடையாளம் தெரியாது.