காசியில் விட்டது

“அம்மா, நான் எப்போ வீட்டுக்குப் போகலாம்?”

ஏகாம்பரம் கைகட்டி நின்று கேட்டார். தில்லையம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“பத்தேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு.”

இதையா கேட்டார் மனுஷர்? ஒன்பது மாதத்துக்கு முன்னால் தள்ளாடிக்கொண்டு இந்த மடத்துக்கு வந்தவர். முதல் மாதத்தில் இரண்டு தடவை சுவரேறிக் குதித்துச் சாராயக் கடைக்கு ஓடியவர். அதற்குப் பிறகு எட்டு மாதமாக ஒரு சொட்டு தொடாதவர். நாலு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நின்றால், கிடைத்தது பஸ் நேரம்.

ஆலங்கரை மடம் குடியை விட வருகிறவர்களுக்கான இடம். பெயர்தான் மடம். ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், ஒரு கற்பூரவல்லிச் செடி, அவ்வளவுதான். தில்லையம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. தன்னைவிடப் பெரியவர்களையெல்லாம் சிரிக்காமல் வேலை வாங்குவாள். குரு என்று யாராவது கூப்பிட்டால் அவர் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவாள்.

அங்கே ஒரே ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில், குடியை விட்டவர் ஒருவர் துவைக்கிற கல்லின்மேல் உட்கார வேண்டும். தான் எப்படிக் குடித்தேன், எப்படி விட்டேன் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரம் ஒரு வெள்ளிக்கிழமையும் சொன்னதில்லை.

“தொண்டை கட்டியிருக்கும்மா” என்பார்.

தில்லையம்மா மறுபேச்சு பேசமாட்டாள். எழுந்துபோய்க் கற்பூரவல்லி இலை நாலு பறித்து, கஷாயம் வைத்துக் கொடுப்பாள். எட்டு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் தொண்டை கட்டியது. வெள்ளிக்கிழமை தவறாமல் கஷாயமும் வந்தது. மற்ற ஆறு நாளும் அவர் பேசுகிற பேச்சுக்குக் கிணற்றடியில் காக்கை உட்காராது.

“போறது பெரிசில்லம்மா,” என்றார் ஏகாம்பரம். “போய் என்ன சொல்றதுன்னுதான் தெரியலை.”

“எங்க போயிருக்கறதா நினைச்சிட்டிருக்காங்க?”

“காசிக்கு.”

மொச்சை உரித்த கை ஒரு நொடி நின்றது.

காசி என்று ஊரில் சொன்னது ஏகாம்பரத்தின் மனைவி பவளம். அவர் குடிப்பது ஊருக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். பஞ்சாயத்துத் தலைவரின் பொங்கல் சட்டைக்கு இரண்டு கையும் இடக் கையாகத் தைத்துக் கொடுத்த தையல்காரரை யாருக்குத் தெரியாது? ஆனால் எங்கள் பக்கத்து ஊர்கள் விசித்திரமானவை. ஒருவன் குடித்தால் பேசாமல் இருக்கும். குடியை விட ஓரிடத்துக்குப் போனான் என்றால் ஒரு வருஷம் வாயில் போட்டு மெல்லும்.

இப்போது பவளத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. வரவேற்புக்கு மேளம் பேசியாகிவிட்டது. மூன்று வீட்டுக்குக் கங்கை ஜலம் வேண்டும். காசிக் கயிறு இருபது.

“உண்மையைச் சொன்னா ஒரு பய எங்கிட்டச் சட்டை தைக்கக் கொடுக்க மாட்டான்மா. கயிறுகூட நானே தையல் நூல்ல முறுக்கிட்டேன். ஜலத்துக்கு எங்க போவேன்?”

தில்லையம்மா எழுந்தாள். கிணற்றில் ஒரு வாளி இறைத்தாள். மூன்று சொம்பில் ஊற்றினாள். மெழுகால் வாயை அடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

“அம்மா, இது...”

“ஒன்பது மாசமா நீங்க குடிச்ச தண்ணி. கிளம்புங்க, பஸ் போயிடும்.”

*

ஆலங்கரையிலிருந்து கொன்றையூருக்கு மூன்று மணி நேரம். காசியிலிருந்து வருகிறவர் களைத்துத் தெரிய வேண்டுமே என்று, இடம் இருந்தும் கடைசி ஒரு மணி நேரம் ஏகாம்பரம் நின்றுகொண்டே வந்தார்.

பஸ் நின்றதும் மேளம் முழங்கியது. முழங்கியது என்பது மரியாதைக்குச் சொல்வது. தவில் வாசித்தவன் மயில்வாகனம், பவளத்தின் தம்பி. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருந்தான். நாதஸ்வரம் கோயில் பக்கம் போனால் தவில் குளத்துப் பக்கம் போனது. ஒரு காலத்தில் கல்யாணத் தேதியையே அவனைக் கேட்டுத்தான் வைப்பார்கள். இப்போது சொந்தக்காரர்கள் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள், அதுவும் பாவம் பார்த்து.

அவன் குச்சி பிடித்திருந்த கை நடுங்கியது. ஏகாம்பரம் அதைப் பார்த்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த நடுக்கம் அது.

அதற்குள் பஞ்சாயத்துத் தலைவர் குழந்தைவேலு அவர் காலில் விழுந்தார். ஊரே வரிசையில் விழுந்தது. ஏகாம்பரம் கயிறு கட்டிவிட்டார். நல்லமுத்து என்ற பெரியவர் தன் சொம்பை அங்கேயே திறந்து, தலையில் பாதியைத் தெளித்து, மீதியைக் குடித்தார்.

“கங்கை கங்கைதான்யா! என்ன ருசி!”

ஏகாம்பரத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

ஊர் நடுவில் பாய் விரித்து அவரை உட்கார வைத்தார்கள். குழந்தைவேலு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“அப்புறம் ஏகாம்பரம், காசியில எதை விட்டீங்க?”

காசிக்குப் போனால் தனக்குப் பிடித்த ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், ஆயுசுக்கும் தொடக் கூடாது என்பது வழக்கம். கொன்றையூரில் இருந்து இதுவரை போனவர்கள் இரண்டு பேர். நல்லமுத்து பாகற்காயை விட்டார். பாகற்காய் என்றால் பிறந்ததிலிருந்தே அவருக்கு ஆகாது. ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஆப்பிளை விட்டார். அதற்கு ஆறு மாதம் முன்பே அவருக்குப் பல் போய்விட்டது.

“சுரைக்காய்னு சொல்லுங்க,” என்று பவளம் பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

ஏகாம்பரம் சுரைக்காய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எதிரே, தவிலுக்குப் பக்கத்தில் மயில்வாகனம் தலை தொங்க உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி செண்பகம், அவன் சாய்ந்துவிடாமல் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“சாராயம்,” என்றார் ஏகாம்பரம்.

“காசியில அதைக்கூட விடலாமா?” என்றார் ஹெட்மாஸ்டர், கொஞ்சம் ஏமாந்துபோனவராக.

“விட்டு எத்தனை நாளாச்சு?” என்று குழந்தைவேலு கேட்டார்.

“எட்டு மாசம்.”

“ஆகா! கங்கையோட மகிமையைப் பாருங்கய்யா!” என்று குழந்தைவேலு கைகூப்பினார்.

அவ்வளவுதான். பெண்கள் பக்கத்தில் தேன்கூடு கலைந்த மாதிரி ஆனது. காசிக்கு எத்தனை நாள்? எந்த ரயில்? அங்கே முழுக்காட்டி விடுவார்களா, நாமே பிடித்து அமுக்க வேண்டுமா? ஆண்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்தின் பின்பக்கம் நகர்ந்தார்கள்.

செண்பகம் எதுவும் கேட்கவில்லை. காதிலிருந்த தோட்டைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியதைக் கொண்டுவந்து ஏகாம்பரத்தின் முன்னால் வைத்தாள்.

“அண்ணே, என்கிட்ட இருக்கறது இதுதான். இதை வித்து அவரைக் கூட்டிட்டுப் போயிடுங்க. கங்கையில ஒரு முழுக்குப் போட்டுக் கூட்டிட்டு வந்திடுங்க.”

அந்தத் தோடு பாயின்மேல் கிடந்தது. ஏகாம்பரம் அதையே பார்த்தார். இருபது கயிறும் மூன்று சொம்பும் செய்யாத வேலையை அது செய்தது. அவருக்கு அழுகை வந்தது. அழுதார்.

“எடுத்துப் போட்டுக்கோம்மா. நான் காசிக்கே போகலை.”

பவளம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“இங்கிருந்து மூணு மணி நேரம். ஆலங்கரை. குடியை விடறவங்க தங்கற இடம். அங்கதான் இருந்தேன்.”

பிறகு அவர் சொல்லிக்கொண்டே போனார். எட்டு மாத வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தது. முதல் நாளே தில்லையம்மா அவரைக் கவர்மென்ட் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போனது. ‘இத்தனை வருஷம் குடிச்ச உடம்பு, தானா திடீர்னு நிறுத்தினா உசிருக்கே ஆபத்து’ என்று டாக்டர் மருந்து கொடுத்துப் பத்து நாள் படுக்கையில் வைத்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்து அழுதது. இரண்டு தடவை சுவரேறிக் குதித்தது.

“குதிச்சுட்டுத் திரும்பி வந்தா உள்ள விட்டாங்களா?” செண்பகம் கேட்டாள்.

“ரெண்டாந்தடவை ஏணியே வச்சிருந்தாங்கம்மா. காலை உடைச்சுக்கக் கூடாதாம்.”

யாரோ சிரித்தார்கள். ஏகாம்பரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அப்போ இந்தத் தண்ணி?” என்றார் நல்லமுத்து, காலிச் சொம்பைத் தூக்கிக் காட்டி.

“மடத்துக் கிணத்துத் தண்ணி ஐயா.”

நல்லமுத்து சொம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் நாக்கில் விட்டுக்கொண்டார்.

“ருசி நல்லாத்தான் இருந்துச்சு,” என்றார் விட்டுக்கொடுக்காமல்.

குழந்தைவேலுவின் முகம் மட்டும் இறுகிப்போயிருந்தது. ஒரு தலைவர், ஊர் பார்க்கக் காலில் விழுந்திருக்கிறார். அதைத் திருப்பி வாங்க வழியில்லை. எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தார்.

போச்சு, இனி ஒரு சட்டையும் வராது என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார். ஆச்சரியம் என்னவென்றால், பயமாக இல்லை. தொண்டை மட்டும் லேசாக இருந்தது.

குழந்தைவேலு திரும்பி வந்தார். கையில் ஒரு பழைய சட்டை. இரண்டும் இடக் கை. அதை ஏகாம்பரத்தின் மடியில் போட்டார்.

“வர்ற பொங்கலுக்காவது இதைப் போட்டுக்கணும்யா. ஒரு கையைப் பிரிச்சுச் சரியாத் தைச்சுக் கொடுங்க.”

கூட்டம் கலைகிற நேரத்தில் மயில்வாகனம் தள்ளாடித் தள்ளாடி அவர் பக்கம் வந்தான். கூட்டத்தில் யார் காதிலும் விழாதபடி குனிந்து கேட்டான்.

“மாமா, அந்தக் காசிக்கு எத்தனை மணிக்கு பஸ்?”

*

மறுநாளே ஏகாம்பரம் அவனைக் கூட்டிக்கொண்டு ஏறினார். பஸ்ஸில் கொன்றையூர்க்காரர்கள் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ஆளுக்கொரு மூலையில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆலங்கரை வந்ததும் மயில்வாகனத்தோடு சேர்த்து ஐந்து பேரும் ஏகாம்பரத்தின் பின்னால் இறங்கினார்கள்.

தில்லையம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து பேரையும் பார்த்தாள். உள்ளே போய் இன்னும் ஐந்து பிடி அரிசி எடுத்து வந்தாள். பிறகு ஐந்து பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

ஏகாம்பரம் ஊர் திரும்பிக் கடையைத் திறந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் தையல் மெஷினை மூடிவிட்டு முதல் பஸ்ஸில் மடத்துக்கு வருவார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சொல்வார். ஏணிக் கதையில் எல்லாரும் சிரிப்பார்கள். தோட்டுக் கதை வரும்போது யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மூன்று மாதம் போனது. மயில்வாகனத்தின் கை நடுக்கம் நின்றது. சாயங்காலங்களில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு விரலால் தட்டிப் பார்த்துக்கொள்வான். தாளக் கணக்கு பிசகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் துண்டைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை.

“மயில்வாகனம், இன்னிக்கு நீங்க சொல்லுங்க,” என்றாள் தில்லையம்மா.

மயில்வாகனம் துவைக்கிற கல்லைப் பார்த்தான். துண்டுக்காரரைப் பார்த்தான். மெல்லக் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

“தொண்டை கட்டியிருக்கும்மா.”

தில்லையம்மா ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏகாம்பரம் எழுந்துபோய்க் கற்பூரவல்லி இலை நாலு பறித்தார்.